அம்மப்பா வேலை செய்த தொழிற்சாலைக்குள் போகலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. மல்லாகத்தில் இருக்கிறேன். கைவிடப்பட்ட கட்டடங்களைப் படம் எடுப்பதில் எனக்குப் பைத்தியம். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்குள் போய் ஒரு நாள் முழுக்கப் படம் எடுக்க வேண்டும் என்பது நீண்டநாள் ஆசை. என் அம்மப்பா அங்கே வேலை செய்தவர். பின்பக்கப் பற்றைக்குள்ளால் உள்ளே பூரலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். போகலாமா? போனால் எப்படி எடுப்பது?

பதில்: தம்பி, பின்பக்கத்தால் போக வேண்டாம். இதில் நான் அம்மாவின் பக்கம். ஆனால் உங்கள் ஆசையைக் கைவிடச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அந்த இடத்தை யாராவது ஒழுங்காகப் படம் எடுத்து வைக்கத்தான் வேண்டும், அதுவும் அங்கே வேலை செய்தவரின் பேரன் எடுப்பது என்றால் இன்னும் நல்லது.

முதலில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1990இல் மூடிய கட்டடம் அது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்று கொங்கிரீற்றுக்குள் மெல்ல மெல்ல இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைக் கறள் பிடிக்க வைக்கும், கறள் பிடித்த இரும்பு முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும், அதனால் தூணும் தட்டும் உள்ளிருந்தே வெடித்து உதிரத் தொடங்கும். வெளியே பார்த்தால் மலை மாதிரி நிற்கும். மேல்தட்டில் ஒரு ஆள் ஏறினால் தாங்குமா என்பதைப் பார்வையால் சொல்லவே முடியாது. இயந்திரங்கள் இருந்த இடங்களில் தட்டுகளிலும் நிலத்திலும் துவாரங்கள், கிடங்குகள் இருக்கும்.

பல வருடங்களுக்கு முன் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலைக்குள் போனோம். நிலம் முழுக்கத் தூசி, ஒரே சாம்பல் நிறம். நண்பர் கமராவில் கண்ணை வைத்தபடி இரண்டடி பின்னுக்குப் போனார். அவ்வளவுதான். தூசி மூடிக் கிடந்த தகரம் ஒன்று பிய்ந்து வலது கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. தகரத்தின் விளிம்பு காற்சட்டையைக் கிழித்து கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்திருந்தது. காலை வெளியே எடுத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கீழே ஒன்றரை ஆள் ஆழம் இருந்தது தெரிந்தது. ஏற்பூசி, எட்டுத் தையல். அன்றைக்கு நாங்கள் எங்கே போகிறோம் என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அது இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம், உங்கள் வயதுக்காரர்களுக்கு காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்கு என்பது ரயில் ஓடும், விமானம் இறங்கும் இடம். 1990 ஆனி மாதம் போரால் அந்த ஊர்ச் சனம் முழுக்க எழும்பிப் போன பிறகு அது எத்தனை வருடம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆட்கள் நடந்து பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்குவது வேறெந்த ஊரிலும் முள்ளுக் குத்துகிற விஷயம், இங்கே அப்படியில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக மிதிவெடி இல்லை என்று நினைக்க முடியாது. இனம் தெரியாத இரும்பு எதையும் காலால்கூடத் தட்டிப் பார்க்க வேண்டாம். கண்டால் வந்த வழியாலேயே திரும்பி வந்து பொலிசுக்கோ விதானையாருக்கோ சொல்லுங்கள். புடையன், சுருட்டை என்று விஷப் பாம்புகள் வேறு இருக்கின்றன, சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், பற்றைக்குள் கையை விடாதீர்கள்.

சரி, எப்படிப் போவது? கேட்டுப் போங்கள். அது இலங்கைச் சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் காணி. யார், எதற்காக, எந்தத் திகதி, எத்தனை பேர் என்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள், தெல்லிப்பழை பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அம்மப்பா அங்கே வேலை செய்தவர் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள், அவருடைய வேலைக் கடிதமோ அடையாள அட்டையோ வீட்டில் இருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். பரவாயில்லை, இன்னொரு கடிதம் போடுங்கள். அனுமதி கிடைத்தாலும் துறைமுகப் பக்கம், முகாம், காவலரண் எதையும் நோக்கிக் கமராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோன் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பக்கத்திலே பலாலி விமான நிலையம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இல்லாமல் அங்கே அதைப் பறக்கவிட முடியாது.

உள்ளே போக முடிந்தால் மூன்று பேராகப் போங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மாடிப்படி ஏற வேண்டாம். உடைந்த அஸ்பெஸ்டோஸ் சீற் கிடந்தால் மிதிக்கவும் வேண்டாம், படத்துக்காக நகர்த்தவும் வேண்டாம், அதன் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. கமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு அடிகூட நகரக் கூடாது. நில், எடு, கமராவை இறக்கு, பிறகு நட. ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் மழைக்காலத்தில் போகவே வேண்டாம், தேங்கிய தண்ணீருக்குக் கீழே என்ன ஆழம் என்று யாருக்கும் தெரியாது.

இனிப் படத்துக்கு வருவோம். இப்படியான கட்டடத்தில் உள்ளே கும்மிருட்டு, யன்னலால் கண் கூசும் வெளிச்சம். போன் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்த்து இரண்டையும் கெடுத்துவிடும். ட்ரைபொட்டில் வைத்து ஒரே காட்சியை வெளிச்சத்துக்கு ஒன்று, நடுவாக ஒன்று, இருட்டுக்கு ஒன்று என்று மூன்று தரம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். விடிந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் எடுத்தால் வெயில் சாய்வாக விழுந்து சுவரின் ஒவ்வொரு வெடிப்பும் துலக்கமாகத் தெரியும். சீமெந்து கொட்டி வைக்கும் சிலோ மாதிரி உயரமானதை எடுக்கும்போது ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதன் பிரமாண்டம் படத்தில் வராது.

ஆனால் இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சன்னத் துளை விழுந்த சுவர், கூரையைப் பிளந்து வளர்ந்த ஆலமரம் என்று எடுத்தால் வடிவாகத்தான் இருக்கும், விருப்பக்குறிகளும் குவியும். அப்படிப்பட்ட படங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அங்கே வேலை எப்படி நடந்தது என்று காட்டும் படங்கள்தான் குறைவு. 1950இல் உற்பத்தி தொடங்கிய இடம் அது. ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம். சுண்ணாம்புக் கல்லை அந்த ஊரிலேயே தோண்டினார்கள், களிமண் மன்னார் முருங்கனில் இருந்து வந்தது, இரண்டையும் அரைத்துச் சுழலும் சூளைக்குள் விட்டு ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் என்ற கட்டிகள் வரும், அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து. கல் எந்தப் பக்கத்தால் வந்தது, சூளை எங்கே நின்றது, எங்கே மூட்டை கட்டினார்கள் என்று அந்த வரிசையிலேயே உங்கள் படங்களும் போனால், பார்க்கிறவருக்கு அது வெறும் பாழடைந்த கட்டடமாகத் தெரியாது.

அந்த வரிசை எனக்குத் தெரியாது, நண்பர்களுக்கும் தெரியாது, அம்மப்பாவுக்குத் தெரியும். அவர் இருக்கிறாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அனுமதிக் கடிதத்துக்குப் பதில் வரும் வரைக்கும் காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கொப்பியோடு அவருக்குப் பக்கத்தில் இருங்கள். வாசலில் இருந்து தான் வேலை செய்த இடம் வரைக்கும் நடந்து போவதுபோல் வரைந்து காட்டச் சொல்லுங்கள். கோணல் மாணலாக வந்தாலும் திருத்த வேண்டாம். அவர் கதைப்பதைப் போனில் பதிந்து வையுங்கள், வரையும் கையையும் ஒரு படம் எடுங்கள். இல்லையென்றால் அவரோடு வேலை செய்த ஒருவராவது மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கம் இருப்பார், அம்மாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.