பிக்கப் வண்டி எஞ்சினுக்குக் கூடுதல் கருவிகள்: இழுவை உண்மையில் கூடுமா?

சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், கூடுதல் கருவிகளைப் பற்றியவை மட்டும் இங்கே இடம்பெறுகின்றன. எல்லா விடைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நுழைகிறது, அந்தக் காற்றில் எவ்வளவு டீசல் முழுமையாக எரிகிறது என்பதைப் பொறுத்தே டீசல் எஞ்சினின் சக்தி அமையும். இவ்விரண்டையும் தொடாத கருவியால் எந்தப் பயனும் இல்லை. தொடுகிற கருவியோ, கொடுத்ததற்கான விலையை வேறோர் இடத்தில் வசூலித்துக்கொள்ளும்.

கேள்வி: ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறேன். வயரில் சொருகும் சிறு பெட்டி ஒன்றை மாட்டினால் இழுவையும் மைலேஜும் சேர்ந்தே கூடும் என்கிறார்கள். நம்பலாமா ஐயா?

இழுவை கூடும் என்பது பெரும்பாலும் உண்மை. மைலேஜ் கூடும் என்பதை நம்ப வேண்டாம்.

எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் எஞ்சினில், அந்தக் குழாயில் டீசல் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்பதை ஒரு சென்சார் மின்னழுத்தமாக மாற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வுக்குத் தெரிவிக்கிறது. நீங்கள் சொல்லும் பெட்டி இந்த வயருக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, அந்த மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து அனுப்புகிறது. அழுத்தம் போதவில்லை என்று ஏமாந்த ஈ.சி.யூ., பம்பைக் கூடுதலாக அழுத்தச் சொல்கிறது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் திறந்திருக்கும் நேரம் மாறாவிட்டாலும் அழுத்தம் கூடியதால் அதே நேரத்தில் அதிக டீசல் உள்ளே இறங்குகிறது. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை வைத்துக்கொண்டே இயங்குவதால், ஓரளவு வரை இந்தக் கூடுதல் டீசலும் எரிந்து சக்தியாகிறது. மலையேற்றத்தில் கியர் மாற்றாமல் ஏறுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வது கற்பனை அன்று.

ஆனால், காற்று அதே அளவில் நிற்க, டீசல் மட்டும் ஏறிக்கொண்டே போனால் முதலில் கரும்புகை வரும். அடுத்து, வெளியேறும் புகையின் வெப்பம் உயரும். லோடு இல்லாத வண்டியில் இரண்டு நிமிடம் ஆக்சிலரேட்டரை அழுத்திக் காட்டும்போது இந்த வெப்பம் ஒரு பொருட்டன்று. முழு லோடுடன் அரை மணி நேரம் மலையேறும்போது, பிஸ்டன் தலையும், புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவின் விசிறியும் அதைத் தாங்கியாக வேண்டும். ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு அமைத்த கிளட்ச் பிளேட் அதற்கு மேல் வந்தால் வழுக்கத் தொடங்கும்.

மைலேஜ் கூடியதாகத் தோன்றுவதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. திரையில் மைலேஜ் காட்டும் வண்டிகளில், அந்த எண்ணை ஈ.சி.யூ. டேங்கைப் பார்த்துச் சொல்வதில்லை. தான் எவ்வளவு டீசல் செலுத்தியதாக நினைக்கிறதோ, அதை வைத்துக் கணக்கிடுகிறது. பெட்டி பொய் சொல்வதால், செலுத்தியது குறைவு என்று அது எண்ணிக்கொண்டிருக்கிறது. டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மீண்டும் அதே பெட்ரோல் பங்க்கில் நிரப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கேள்வி: டீசல் குழாயைச் சுற்றிக் காந்தம் மாட்டினால் எரிபொருள் நன்றாக எரியுமாமே?

எரியாது. டீசல் காந்தத்துக்கு வசப்படும் பொருளன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970களிலிருந்து இத்தகைய எரிபொருள் சேமிப்புக் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியது எதுவும் அவற்றில் இல்லை. மெக்கானிக் கோளாறு கண்டறியப் பயன்படுத்தும் சாக்கெட்டில் சொருகும் மலிவான "சேமிப்பு" பிளக்குகளுக்கும் இதே விடைதான். அவற்றில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, விளக்கை மினுக்குவதைத் தவிர வேறு வேலை அவற்றுக்கு இல்லை என்று தெரிந்தது.

கேள்வி: தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து எஞ்சினுக்குத் தரும் கருவியைப் பற்றிக் கூறவும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அந்தக் கருவி 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 240 வாட். ஆல்டர்னேட்டர் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் திறனுள்ளது. எஞ்சினோ டீசலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கையே சுழற்சியாக மாற்றுகிறது. ஆகவே அந்த 240 வாட்டை உண்டாக்கவே 1,200 வாட்டுக்கு மேற்பட்ட டீசல் ஆற்றல் செலவாகிறது. கிடைக்கும் வாயுவில் இருப்பது நூற்றைம்பது வாட் அளவுதான். மணிக்கு ஐந்து லிட்டர் டீசல் குடிக்கும் எஞ்சினுக்குள் ஏறத்தாழ 50,000 வாட் ஆற்றல் இறங்குகிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். நஷ்டத்தில் வாங்கி, அதைவிடப் பெரிய நஷ்டத்தில் விற்கும் வியாபாரம் இது.

கேள்வி: பழைய டாடா ஏஸ் வண்டியில் கோத்தகிரிக்கு லோடு அடிக்கிறேன். மேலே போகப் போக வண்டி திணறுகிறது. பெரிய ஏர் ஃபில்டரோ தனி டர்போவோ வைத்தால் சரியாகுமா?

2005இல் வந்த ஏஸ், 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் கொண்டது, டர்போ கிடையாது. மலை உயர உயரக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியை இழந்துகொண்டே போகும். உதகை உயரத்துக்குப் போனால், குளிர்ச்சியால் கிடைக்கும் சிறு ஆதாயத்தைக் கழித்த பிறகும், சமவெளியில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். எந்த ஃபில்டரும் இதை மீட்டுத் தராது. சுத்தமான கம்பெனி ஃபில்டர் தடுக்கும் காற்று மிகச் சொற்பம். எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர்கள் காற்றை எளிதாக விடும்போது தூசியையும் எளிதாக விடக்கூடும். மண்சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தத் தூசி சிலிண்டர் லைனரைத் தேய்க்கும் மணல்தாள்.

தனி டர்போ இழுவையைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், ஆயில் ஓட்டம், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும்போது, செலவு ஒரு நல்ல பழைய டர்போ பிக்கப்பின் விலையை எட்டிவிடும். ஆகவே லோடைக் குறைத்து இரண்டு நடை அடிப்பதே உங்களுக்கு நான் சொல்லும் வழி.

கேள்வி: பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட வண்டியில் புகைத் துகள் வடிகட்டி அடிக்கடி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அதைக் கழற்றிவிட்டு "மென்பொருளில் மூடித் தருகிறேன்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

செய்யக் கூடாது. நல்ல நிலையில் உள்ள வடிகட்டி எஞ்சின் சக்தியில் மிகக் கொஞ்சத்தையே எடுத்துக்கொள்கிறது. அடைப்பதற்குக் காரணம், தெருத்தெருவாக நின்று நின்று ஓடும் டெலிவரி வேலை. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள ஏறத்தாழ 600 பாகை வெப்பம் சில நிமிடங்கள் நீடிக்க வேண்டும். நகருக்குள் அது கிடைப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் விளக்கு எரிந்தால், நாசில் சொட்டுகிறதா, புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. அமெரிக்காவில் பத்தாண்டுக் காலத்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இத்தகைய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் மதிப்பிட்டது. அங்கே கழற்றித் தந்த கடைகள்மீது வழக்குகள் தொடரப்பட்டன.

கேள்வி: இசுசு வி-கிராஸ் 1.9 வைத்திருக்கிறேன், சரக்கு ஏற்றுவதில்லை. ரீமேப் செய்வது பெட்டி மாட்டுவதைவிட மேலா?

தொழில்நுட்ப அளவில் மேல். பெட்டி ஒரு சென்சாரை ஏமாற்றுகிறது. ரீமேப் என்பது ஈ.சி.யூ.வின் மென்பொருளையே மாற்றி எழுதுவது. ஒழுங்காகச் செய்த ரீமேப், டீசல் அளவு, டர்போ அழுத்தம், செலுத்தும் நேரம், புகை வரம்பு ஆகியவற்றைச் சேர்த்தே திருத்துகிறது. உங்கள் எஞ்சின் 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் தருவதாக விற்கப்படுவது. இந்த எண்கள் எஞ்சின் முனையில் அளந்தவை. கடைக்காரர் டைனோ என்னும் சக்தி அளக்கும் உருளை மேடையில் காட்டுவதோ சக்கரத்தில் அளந்தது. ஆகவே விளம்பர எண்ணோடு ஒப்பிடாமல், அதே நாளில், அதே கியரில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அளவீடுகளைக் கேளுங்கள். முன் அளவீடு இல்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். வாரன்டி போகும் என்பதும், சட்டத்தின் பார்வையில் இதுவும் மாற்றமே என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: எதுவும் மாட்ட வேண்டாம் என்றால், குறைந்துபோன இழுவைக்கு என்னதான் செய்வது?

குறைந்துபோனது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் முன்பு இருந்தது. டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, கிளிப்புக்கு அடியில் விரலால் மடக்கிப் பாருங்கள். எண்ணெய் கசிந்து ஈரமாக இருக்கும் இடத்தில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். இன்டர்கூலர் இதழ்களில் சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பம் பத்துப் பாகை குறைந்தால், அதன் அடர்த்தி ஏறத்தாழ மூன்று விழுக்காடு கூடும். டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு, சமதளத்தில் சிறிது தூரம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீங்கள் எஞ்சினில் தேடிய இழுவை அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.