எழுதாமல் நின்ற மூன்று கேள்விகள்

அன்புள்ள ஐயாவுக்கு,

மேலூரிலிருந்து எழுதுகிறேன். குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப் போகிறேன். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில்தான் நாள் முழுக்கப் படிப்பு. பயிற்சித் தேர்வில் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளாவது எழுதாமல் நின்றுவிடுகின்றன. பதில் தெரியும், கைதான் ஓடவில்லை. விரட்டி எழுதினால் எனக்கே படிக்க முடியாத கிறுக்கலாகிறது. 26 வயதில் கையெழுத்தை மாற்ற முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். ஆனால் மாற வேண்டியது கையெழுத்துதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த குறள்களைப் பத்து நிமிடம் எழுதுங்கள். குறளுக்கு ஏழு சீர், எண்ணுவது எளிது. பிறகு நன்றாகப் படித்த ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் எழுதி, அதிலுள்ள சொற்களை எண்ணுங்கள். இரண்டாவது எண் முதலாவதில் பாதிதான் என்றால் கையைக் குறை சொல்லாதீர்கள். வாக்கியத்தின் நடுவில், அடுத்தது என்ன என்று தேடிப் பேனா நிற்கிறது. அதற்கு மருந்து, எழுதத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்கி நான்கைந்து குறிப்புச் சொற்களை ஓரத்தில் எழுதிக்கொள்வது. இரண்டு எண்களுமே குறைவு என்றால்தான் கையைக் கவனிக்க வேண்டும்.

பொது அறிவின் முதல் மூன்று தாள்களில் தலா 20 கேள்விகள். பத்துக்குத் தலா 150 சொற்கள், பத்துக்குத் தலா 250 சொற்கள். ஒரு தாளுக்கு மொத்தம் 4000 சொற்கள், 180 நிமிடம். கேள்வியைப் படிக்காமல் எழுதினால்கூட நிமிடத்துக்கு 22 சொற்கள் வேண்டும். இந்தக் கணக்கு பலரை மிரட்டிவிடுகிறது. தமிழில் எழுதும் நீங்கள் மிரள வேண்டாம். 'நடைமுறைப்படுத்தப்படவில்லை' நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு நான்கு சொற்கள் வேண்டும். சொல்ல வேண்டியதைக் குறைந்த சொற்களில் நாம் சொல்லிவிட முடியும். எண்ணிக்கையை எட்டுவதற்காக இழுக்காதீர்கள்.

அதே சொல்லை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். அதில் 15 எழுத்துகள் இருக்கின்றன. 'நடக்கவில்லை' என்றால் ஏழு. 'மேற்கொள்ளப்பட்டு வருகின்றன' என்பதும் 15 எழுத்துதான், 'நடக்கின்றன' என்றால் ஏழு. பயிற்சிக் குறிப்பேடுகளின் அரசாணைத் தமிழ் உங்கள் நேரத்தைப் பாதிக்குப் பாதி தின்கிறது என்றே நான் நினைக்கிறேன். பழைய பதில் ஒன்றை எடுத்து, இப்படிப்பட்ட சொற்களை அடித்துவிட்டு எளிய வினைகளைப் போட்டுப் பாருங்கள். பொருள் கெடாது, தெளிவு கூடும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் இது தேர்வோடு முடிகிற விஷயம் இல்லை.

இனி கை. மதுரையில் கல்லூரியில் படித்தபோது எனக்கும் கடைசிக் கேள்வி எப்போதும் நின்றுவிடும். எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஒருநாள் என் விடைத்தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினார். எழுத்தெல்லாம் புடைத்திருந்தது. "தாளில் எழுது, பலகையில் செதுக்காதே" என்றார். அழுத்தத்தைக் குறைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. உங்கள் தாளையும் திருப்பித் தடவிப் பாருங்கள். புடைத்திருந்தால் பந்துமுனைப் பேனாவை விட்டு, அழுத்தாமலே மை இறங்கும் ஜெல் பேனாவுக்கு மாறுங்கள். முழங்கை மேசைமேல் இருக்கட்டும். எழுத்து அழகாக வேண்டியதில்லை, ஆனால் 'ன'வும் 'ள'வும் ஒன்றுபோலத் தெரியக் கூடாது.

பத்து மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிடம், பதினைந்துக்குப் பத்தரை நிமிடம். நேரம் முடிந்தால் பாதி வாக்கியத்திலும் அடுத்ததற்குப் போய்விடுங்கள். எழுதாமல் விட்ட கேள்விக்கு மதிப்பெண் இல்லை, அதில் நான்கு வரி எழுதியிருந்தால் ஏதாவது கிடைக்கும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. வலி உண்டா? எழுத எழுத விரல்கள் தாமாக இறுகி மடங்குகின்றனவா? அப்படியென்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், இராசாசி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். இப்படி எழுதும்போது கை இறுகும் கோளாறு உள்ள ஒருவர் தொடுத்த வழக்கில், குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளரை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

குறளுக்கு வந்த எண், பதிலுக்கு வந்த எண், இரண்டையும் எனக்கு எழுதுங்கள். மீதியை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.