பழைய கான்டெஸா காரில் பவர் பிரேக் கட்டையாக இருக்கிறது, பூஸ்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். பூஸ்டர் என்பது எஞ்சின் உறிஞ்சும் வேக்குவத்தை (காற்றை இழுத்த வெற்றிடத்தை) வைத்து உங்கள் கால் மிதிக்குப் பலம் சேர்க்கும் டப்பா. நான் மாற்றினேன், காசு போனதுதான் மிச்சம்.

என்னிடம் இருப்பதும் இசுஸு 1.8 பெட்ரோல் எஞ்சின் போட்ட கான்டெஸா கிளாசிக்தான். காலையில் எடுக்கும்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, அரை மணி நேரம் ஓடியதும் பெடல் இறுகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அச்சு அசலாக அதேதான் எனக்கும். ஒர்க்‌ஷாப்பில் காலை முதல் வேலையாக வண்டியைப் பார்த்துவிட்டு "பூஸ்டர் போச்சு சார்" என்றார்கள். கான்டெஸா 2002-லேயே நின்றுபோன வண்டி, ஷோரூமில் போய் ஸ்பேர் கேட்க முடியாது, அதனால் சென்னை புதுப்பேட்டை பழைய ஸ்பேர் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்து ஒரு பூஸ்டரைத் தேடிப் பிடித்து மாட்டினோம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் மறுபடியும் அதே மரக்கட்டை.

கடைசியில் பார்த்தால், கோளாறு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய்) பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸில். வெளியே ஒரு கீறல் கிடையாது. சந்தேகப்பட்டுக் கழற்றி, பிளேடு வைத்து நீளவாக்கில் கிழித்தபோது உள் அடுக்கு உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. குளிர்ந்திருக்கும்போது அது ஓரமாக ஒட்டிக்கிடக்கும், சூடேறினால் இளகி, எஞ்சின் உறிஞ்சும் பக்கம் மடங்கி வழியை அடைத்துக்கொள்ளும். காலையில் சோதித்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

பூஸ்டருக்குள் இருப்பது ஒரு பெரிய ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு), அவ்வளவுதான். மிதிக்காதபோது அதன் இரண்டு பக்கமும் வேக்குவம். மிதித்தால் பெடல் பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழைந்து டயாஃப்ரத்தை, பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரை நோக்கித் தள்ளும். 8 அங்குல டயாஃப்ரம், 18 அங்குல வேக்குவம் (கேஜ் காட்டும் பாதரச அங்குலக் கணக்கு) என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 200 கிலோ தள்ளுவிசை. வேக்குவம் 10 அங்குலமாகக் குறைந்தால் அது 110 கிலோ சொச்சம், மீதியை உங்கள் கால்தான் கொடுக்க வேண்டும்.

அதனால் வண்டியை அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடாக்கிவிட்டு, எஞ்சினை அணைத்து பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், இறுகிவிடும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, வேக்குவம் பூஸ்டருக்கு வந்து சேரவில்லை, அல்லது பூஸ்டரே வேலை செய்யவில்லை. எது என்று பிரிக்க ஒரு வேக்குவம் கேஜ் போதும், பூஸ்டர் முனையில் ஹோஸைக் கழற்றி அங்கேயே மாட்டிப் பாருங்கள். சூடான எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டினால் வழி சரி. மேனிஃபோல்டில் 18, ஹோஸ் முனையில் 9 என்றால் என் கதைதான். மேனிஃபோல்டிலேயே குறைவென்றால் பிரேக்கை விட்டுவிட்டு டைமிங், வால்வு, கார்புரேட்டர் கேஸ்கெட் என்று எஞ்சினைப் பாருங்கள்.

பூஸ்டர் நுழைவாயிலில் காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கும். எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து மிதிக்கும்போது முதல் மிதியே கட்டையாக இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள், சல்லி விலைப் பொருள். மிதித்துப் பிடித்திருக்கும்போது டேஷ்போர்டுக்குக் கீழே 'உஸ்ஸ்' என்று சத்தம் விடாமல் வந்து ஐடிலிங்கும் தடுமாறினால் மட்டும் சரி, டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, பூஸ்டர்தான். இன்னொன்று, வெளியே சொட்டுக்கூட ஒழுகாமல் பிரேக் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வந்து சைலன்ஸரில் வெள்ளைப் புகை தெரிந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி, எஞ்சின் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். (பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் இது எதுவுமே இல்லை, லைனில் காற்று, அதை வெளியேற்றி பிளீட் செய்யுங்கள்.)

ஹோஸ் மாற்றும்போது கையில் கிடைத்த பெட்ரோல் ஹோஸையோ தண்ணீர் ஹோஸையோ மாட்டிவிடாதீர்கள். அவை உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கத்தான் செய்தவை, உறிஞ்சினால் சூட்டில் சப்பிப்போகும். பிரேக் வேக்குவம் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள். பூஸ்டரையே மாற்றும்படி ஆனால், அதற்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உள்ள புஷ் ராடின் நீளத்தைப் பழையதோடு வைத்து அளந்த பிறகே மாட்டச் சொல்லுங்கள், ஒரு நூல் நீண்டிருந்தால்கூட பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டே ஓடும்.

சரியாகும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு உள்ள ஊட்டி கல்லட்டி மலைப்பாதை மாதிரி இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், நல்ல பூஸ்டராக இருந்தாலும் அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்குவம் மிச்சமிருக்கும்.

கேஜ் வைத்துப் பார்த்தால் குளிர்ந்தபோது எவ்வளவு, சூட்டில் எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். பூஸ்டர்தான் என்று உறுதியானால் என் ஷெல்ஃபில் ஒன்று தூங்குகிறது, நான் தேவையில்லாமல் கழற்றிய நல்ல பூஸ்டர்.