கால் சங்கிலியும் நின்றுபோன மாத்திரையும்

கேள்வி: காரைக்குடி பக்கத்துக் கிராமத்தில் நாங்கள் சிலர் மனநலத் தன்னார்வலர்களாக இருக்கிறோம். ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நாற்பது வயதுக்காரரைக் காலில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். வயதான தாயார் மட்டுமே துணை. "அவுத்து விட்டா ஓடிருவான்" என்கிறார். போலீசுக்குப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் முதலில் அந்த ஆச்சியிடம் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு பேர் போதும். ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. "ஏன் கட்டிப் போட்டீங்க?" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை கதவு திறக்காது. "அண்ணன் கடைசியா எப்ப மாத்திரை சாப்பிட்டாக, ஆச்சி?" என்று கேளுங்கள். மாத்திரையால் வரும் தூக்கம், கை நடுக்கம், எச்சில் ஒழுகல் ஆகியவற்றுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். நோய் திரும்பியிருக்கும், அவர் வீட்டை விட்டுப் போயிருப்பார், பிறகுதான் சங்கிலி வந்திருக்கும். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள்.

கணுக்காலையும் பாருங்கள். தோல் உரிந்து சீழ் வைத்திருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் அந்தப் புண் காலையே பறித்துவிடும்.

ஆலோசனைக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் (டெலி மனஸ்) எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். சிகிச்சைக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தினமும் மாத்திரை கொடுக்க முடியாத வீடு என்பதைச் சொல்லி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அவருக்குப் பொருந்துமா என்று அவசியம் கேளுங்கள். சோற்றில் மறைத்துக் கொடுக்கச் சொல்லாதீர்கள்; தெரிந்துவிட்டால் சோற்றையும் தொட மாட்டார்.

இவ்வளவுக்கும் வீட்டார் மசியவில்லை என்றால் சட்டம்தான் வழி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலி போடுவதைத் தடுக்கிறது. வீட்டில் ஒருவர் கொடுமைப்படுத்தப்படுவதாகவோ கவனிப்பாரின்றிக் கிடப்பதாகவோ தெரிந்தால், 101-ஆவது பிரிவின்படி யாரும் காவல் நிலையத்தில் சொல்லலாம். அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். பார்த்த தேதி, புண்ணின் நிலை எல்லாம் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாஜிஸ்திரேட் பரிசோதனைக்காக 10 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்க உத்தரவிட முடியும். இலவச சட்ட உதவிக்கு 15100.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. மானம் போகிறது என்று ராவோடு ராவாக வேறெங்காவது கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கண்ணுக்கு மறைவாகப் போவது அவ்வளவு ஆபத்து.

அவர் வீடு திரும்பிய பிறகுதான் உங்கள் வேலை கூடும். மாதாமாதம் சிவகங்கைக்கு பஸ் ஏற ஆச்சியால் முடியாது. எந்த மாதம் யார் கூடப் போவது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.