பி.இ.டி. நிறுத்துகிறார், ஹெச்.எம். உள்ளே விடுகிறார்

கேள்வி: மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உதவித் தலைமையாசிரியராக இருக்கிறேன். தாமதமாக வருபவர்களையும் முடி வெட்டாமல் வருபவர்களையும் உடற்கல்வி ஆசிரியர் கேட்டிலேயே நிறுத்துகிறார். பெற்றோர் வந்து கேட்டால் தலைமையாசிரியர் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார். 'இனி எதையும் கண்டுகொள்ளப் போவதில்லை' என்கிறார்கள் ஆசிரியர்கள். என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளையை வகுப்புக்கு அனுப்பியது சரி. முதல் பீரியடை இழப்பதால் யாரும் திருந்துவதில்லை. ஆனால் பெற்றோர் எதிரிலேயே சக ஆசிரியரின் முடிவை மாற்றியதுதான் தவறு. அதற்குப் பிறகு அந்த ஆசிரியர் சொல்லுக்கு மாணவர்களிடம் மதிப்பிருக்காது.

முதலில் நீங்கள் மூவரும் உட்கார்ந்து, எதை யார் முடிவு செய்வது என்று ஒரே தாளில் எழுதுங்கள். தாமதம், வீட்டுப்பாடம், வகுப்பில் பேச்சு ஆகியவை வகுப்பாசிரியர் பொறுப்பு. ஒரே மாதத்தில் மூன்றாவது முறை என்றாலோ, அடிதடி என்றாலோ உங்களிடம் வரட்டும். பெற்றோரை அழைப்பது தலைமையாசிரியர். உடற்கல்வி ஆசிரியர் கேட்டில் பெயரைக் குறித்துக்கொண்டு உள்ளே அனுப்பினால் போதும். எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டும் பள்ளிகளில், அவர் இல்லாத இடத்தில் யார் பேச்சும் எடுபடாது.

பதிவுக்கு ஒரே நோட்டு. தேதி, பீரியடு, நடந்தது, மாணவன் சொன்ன விளக்கம், எடுத்த நடவடிக்கை, கையெழுத்து. 'திமிராக நடந்தான்' என்று எழுதினால் பயனில்லை. 'கணக்கு வகுப்பில் இரண்டு முறை கேட்டும் போனைத் தரவில்லை' என்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் இருபது நிமிடம் ஒதுக்கிச் சேர்ந்து படியுங்கள். ஒரே பையன் தினமும் தாமதமென்றால் பஸ்ஸையும், காலையில் அவன் வேலைக்குப் போகிறானா என்பதையும் விசாரியுங்கள். பல பெயர்கள் ஒரே பீரியடில் வந்தால், பார்க்க வேண்டியது அந்த வகுப்பு நடக்கும் விதத்தை.

பெற்றோர் வந்தால், அவர்களை உள்ளே அழைக்கும் முன் தலைமையாசிரியர் புகார் எழுதியவரிடம் தனியாகப் பேசட்டும். முடிவை மாற்றுவதென்றால் அதைப் பெற்றோரிடம் அந்த ஆசிரியரே சொல்லட்டும். இந்த ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள்.

'டி.சி. கொடுத்துடுவேன்' என்று யாரும் மிரட்ட வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதன் 17-வது பிரிவு தடை செய்கிறது.

பாலியல் புகார் மட்டும் இந்த நோட்டுக்கோ கூட்டத்துக்கோ வரவே கூடாது. போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். 'நாமே பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று தலைமையாசிரியர் சொன்னாலும் அந்தக் கடமை நீங்காது.