கஞ்சா வழக்கில் மகன்: அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: பாலிடெக்னிக் படிக்கும் என் மகனுக்கு 20 வயது. போன மாதம் 40 கிராம் கஞ்சாவோடு போலீஸில் பிடிபட்டான். இப்போது ஜாமீனில் இருக்கிறான். இரண்டு வருஷமாகவே பழக்கம் இருந்தது என்று வழக்குக்கு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. 'குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும்' என்று பலரும் சொல்கிறார்கள். கட்டிவிடலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகன் 'தண்டிக்கப்பட்டவன்' ஆகிவிடுவான். நாளைக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கேள்வி வந்து நிற்கும்.

முதலில் எஃப்.ஐ.ஆர் நகலை வாங்கிப் பாருங்கள். கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. எஃப்.ஐ.ஆரில் போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 20(b)(ii)(A) என்று இருக்க வேண்டும். இதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சில வழக்குகளில் கூட இருந்த பையன்களிடம் எடுத்ததையும் சேர்த்து மொத்த எடை எழுதிவிடுவார்கள். ஒரு கிலோ தாண்டினால் கதையே வேறு. அப்படி இருந்தால் கீழே நான் சொல்வது பொருந்தாது.

எடை சரியாக இருந்தால், 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்திலேயே உங்களுக்கு ஒரு கதவு இருக்கிறது. பிரிவு 64ஏ. சிறிய அளவு வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் மீட்புச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்தக்கூடாது. சிகிச்சையை முடிக்காமல் பாதியில் ஓடி வந்தால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

இதில் 'அடிமை' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருநாள் கூட்டாளிகளோடு இழுத்துப் பார்த்தவனுக்கு இது இல்லை. உங்கள் மகனுக்கு இரண்டு வருஷப் பழக்கம் என்கிறீர்கள். அது அடிமைத்தனம்தானா என்று சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவர். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப்போங்கள். சிகிச்சை எடுக்காமல் சான்றிதழ் மட்டும் 'வாங்கித் தருகிறேன்' என்று எவராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அந்தத் தாள் ஐந்து நிமிஷம் தாங்காது.

தனியார் மையம் என்றால் அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு, காகிதத்தைக் கண்ணால் பாருங்கள். கட்டிப்போட்டு அடிப்பதையே சிகிச்சை என்று நடத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கொண்டுபோய் விட்டால் பையனும் கெடுவான், நீதிமன்றத்திலும் அது செல்லாது.

சரி, 64ஏ மனுவை மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை, வழக்கு நடந்து குற்றவாளி என்றே தீர்ப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பிரிவு 39 இருக்கிறது. அடிமையானவரின் வயது, நடத்தை, உடல், மனநிலை இவற்றைப் பார்த்து, உடனே தண்டனை விதிக்காமல், அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம். பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்து, ஓராண்டுக்குள் சிகிச்சை முடிவு பற்றிய அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், கண்டித்து, மூன்றாண்டு வரை ஒழுங்காக இருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். ஆனால் இங்கே குற்றத் தீர்ப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் 64ஏ-யை முதலில் முயலச் சொல்கிறேன்.

இரண்டையும் நீதிமன்றம் தானாகத் தரும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் வக்கீல் எழுத்தில் மனுப் போட வேண்டும். ஓ.பி. சீட்டு, அட்மிஷன் தேதி, சிறுநீர்ப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சுருக்கம் என ஒரு தாளைக்கூட தொலைக்காமல் கோப்பில் வையுங்கள்.

இன்னொன்று. 'தானாக முன்வந்து' என்கிறது சட்டம். கையைப் பிடித்து இழுத்துப்போனால் ஆகாது, மகன் சம்மதிக்க வேண்டும். உங்களிடம் பேச மறுத்தால் 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணை அவன் கையில் கொடுத்து, அவனையே பேசச் சொல்லுங்கள்.