குடல் பாக்டீரியா எப்படி நீந்துகிறது? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நம் குடலில் இருக்கும் பாக்டீரியா எல்லாமே நீந்துமா?

பதில்: இல்லை. பெருங்குடலில் ஏராளமாக வாழும் பாக்டீராய்டிஸ் இனங்களுக்கு நீந்தும் உறுப்பே கிடையாது. குடல் சுருங்கி விரிந்து தள்ளும் போக்கில் அவை போகும். உணவுத் துணுக்கையோ சளியையோ பற்றிக்கொண்டு தங்கும். நீந்தத் தெரிந்தவற்றுள் நாம் மிக நன்றாக அறிந்தது ஈ.கோலை. இனி நான் சொல்வது பெரும்பாலும் அதைப் பற்றியே.

கேள்வி: மீன் வாலை ஆட்டுவதுபோல் அதுவும் தன் உடலிலிருந்து நீளும் மெல்லிய நூலான கசையிழையை ஆட்டித்தானே நீந்துகிறது? எங்கள் பாடநூல் படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

பதில்: படம் அசையாது என்பதால் வரும் மயக்கம் அது. கசையிழை ஆடுவதில்லை, சுழல்கிறது. 1974-இல் ஆய்வாளர்கள் சில்வர்மேன், சைமன் இருவரும் செய்த சோதனையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கசையிழையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்துவிட்டார்கள். இழை நகர முடியாது. உடனே பாக்டீரியாவின் உடலே பம்பரம்போல் சுற்றத் தொடங்கியது! இழையின் அடியில் சுழலும் மோட்டார் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த மோட்டாரின் விட்டம் ஏறக்குறைய 45 நானோமீட்டர். நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுற்றும். அதை ஓட்டுவது செல்லின் வழக்கமான ஆற்றல் மூலக்கூறான ஏடிபி அல்ல. வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோட்டான்கள். தேர்வில் பலர் தவறவிடும் இடம் இது.

கேள்வி: நீந்துவதை நிறுத்தினால் படகுபோல் கொஞ்ச தூரம் சறுக்கிப் போகுமா?

பதில்: போகாது. ஈ.கோலையின் நீளம் 2 மைக்ரோமீட்டர்தான். அந்த அளவில் உந்தத்துக்கு வேலையே இல்லை; தண்ணீரின் பாகுத்தன்மை மட்டுமே ஆளும். மோட்டார் நின்ற பிறகு அது சறுக்கும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தைவிடக் குறைவு என்று இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் கணக்கிட்டுக் காட்டினார். நாம் கருப்பட்டிப் பாகு நிறைந்த குளத்தில் நீந்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் போதாது. துடுப்பை முன்னும் பின்னும் ஒரே வழியில் அசைத்தால் அங்கே புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவோம். அதனால்தான் அதற்குத் திருகாணி போன்ற இழை வேண்டியிருக்கிறது.

கேள்வி: கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. உணவு இருக்கும் பக்கம் எப்படித் தெரிகிறது?

பதில்: பக்கம் தெரியாது என்பதுதான் பதில். 1972-இல் ஹோவர்ட் பெர்க்கும் டக்ளஸ் பிரவுனும் ஒற்றை பாக்டீரியாவை நுண்ணோக்கியால் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஈ.கோலைக்குக் கசையிழைகள் பல; அவை எல்லாம் இடஞ்சுழியாகச் சுற்றும்போது ஒரே கயிறாகத் திரண்டு உடலைத் தள்ளுகின்றன. ஏறக்குறைய ஒரு நொடி நேரான ஓட்டம். பிறகு ஒன்றோ சிலவோ வலஞ்சுழிக்கு மாற, கயிறு பிரிந்து, உடல் பத்தில் ஒரு நொடி தடுமாறி உருளும். அடுத்த ஓட்டம் எந்தத் திசையில் என்பது தற்செயல்.

பின் எப்படி உணவை அடைகிறது? அது இடத்தை ஒப்பிடுவதில்லை, காலத்தை ஒப்பிடுகிறது. சில நொடிகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது அமினோ அமிலம் கூடுதலாகத் தட்டுப்பட்டால் உருள்வதைத் தள்ளிப்போடும், ஓட்டம் நீளும். கண்ணைக் கட்டிக்கொண்டு மல்லிகைப் பந்தலைத் தேடுகிறவர், வாசம் ஏறும்வரை நடந்து, ஏறாவிட்டால் மனம்போன பக்கம் திரும்புவதைப் போல. மூளை இல்லாத உயிருக்குச் சில நொடி நினைவு! வேதிப்பொருளை உணரும் புரதங்களான உணர்விகளில் ஒட்டியும் கழன்றும் வரும் மீத்தைல் என்னும் சிறு வேதித் தொகுதிகளே அந்த நினைவு.

கேள்வி: என் தந்தையின் டைபாய்டு பரிசோதனைச் சீட்டில் ‘ஓ’, ‘எச்’ என்று இரண்டு அளவு இருக்கிறது. இதற்கும் நீச்சலுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு அம்மா. அது வைடால் பரிசோதனை. ‘எச்’ என்பது டைபாய்டு உண்டாக்கும் சால்மொனெல்லா பாக்டீரியாவின் கசையிழைக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் குறிக்கும். ‘ஓ’ அதன் உடற்சுவருக்கு எதிரானது. ‘எச்’ வந்தது ‘மூச்சு’ என்னும் பொருள் தரும் ஜெர்மன் சொல்லிலிருந்து. புரோட்டியஸ் என்னும் பாக்டீரியா தன் கசையிழைகளால் வளர்தட்டில் கூட்டமாகப் பரவும்போது கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் படலம் தெரியும். இந்த ஒரு சீட்டை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவு செய்யாதீர்கள். மருத்துவரிடம் இரத்த வளர்ப்புச் சோதனை பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவும் இப்படித்தான் நீந்துமா?

பதில்: அதற்குக் கசையிழை கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து, நம் ஆக்டின் புரதத்தையே பின்னால் வாலாகக் கட்டவைத்து, அதன் தள்ளுதலில் பக்கத்துச் செல்லுக்குப் போகிறது.

கேள்வி: பள்ளி நுண்ணோக்கியில் பாக்டீரியா நீந்துவதைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும் தம்பி. குடல் பாக்டீரியாவை வளர்க்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் வைக்கோல் ஊறிய தண்ணீர் போதும். குழித்தகட்டில் தொங்கு துளியாக வைத்து, ஒளியைக் குறைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்தால் அது நீரோட்டம். இருந்த இடத்திலேயே துடித்தால் அது நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் பிரௌனியன் அசைவு. ஒன்றையொன்று தாண்டி எதிரெதிர்த் திசையில் போனால்தான் நீச்சல்.